நாகர்கோவிலுக்குப் புதிதா? கடிகாரம் பார்த்துச் சாப்பிடுங்கள்

மாற்றலாகி வந்தவர்கள், கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டுத் துணைக்கு நிற்பவர்கள், கன்னியாகுமரி பார்க்க வந்து இரண்டு நாள் தங்குபவர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. கையில் காசு அளவாகத்தான் இருக்கிறது, மூன்று வேளையும் வெளியேதான் சாப்பாடு என்பவர்களை மனதில் வைத்துக்கொண்டோம்.

இந்த ஊரில் மலிவான கடைகளுக்குப் பஞ்சமில்லை. புதியவர்கள் தவறவிடுவது நேரத்தை. காலை பதினொரு மணிக்குப் புட்டு, பிற்பகல் மூன்றரைக்கு ஊண் (மத்தியானச் சோற்றுச் சாப்பாடு) என்று கேட்டாலும் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் வருவது முந்தின வேளையின் மிச்சமாக இருக்கும். சுவரில் நாற்பது அயிட்டம் எழுதிப் போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் அடுப்பில் கிடப்பது மூன்றோ நாலோதான். அதனால் உட்கார்ந்ததும் "என்னண்ணே இருக்கு?" என்று கேட்காதீர்கள். மொத்தப் பட்டியலையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். "இப்ப சூடா என்னண்ணே இருக்கு?" என்று கேளுங்கள். பட்டியல் சுருங்கிவிடும், வேண்டியதும் அதில்தான் இருக்கும்.

எந்த இடத்தில் எந்தக் கடை

நகரத்தில் இரண்டு பேருந்து நிலையங்கள். திருநெல்வேலி, மதுரை, திருவனந்தபுரம் போன்ற தூரத்து வண்டிகள் வடசேரியில் நிற்கும். கன்னியாகுமரி, சுசீந்திரம் போன்ற பக்கத்து ஊர் வண்டிகளுக்கு மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையம். ரயில் நிலையம் கோட்டாறு பக்கம். பேருந்து நிலையத்து வாசலை ஒட்டிய கடைகளைப் பொதுவாக விட்டுவிடலாம். திரும்பி வராத ஆளுக்குப் போடும் சாப்பாடும் தினமும் வருகிற ஆளுக்குப் போடும் சாப்பாடும் ஒன்றாக இருப்பதில்லை. ஐந்து நிமிடம் உள்ளே நடந்தால் போதும். மணிமேடை, வேப்பமூடு, செட்டிக்குளம், கோட்டாறுச் சந்தை ஆகிய பக்கங்களில் கடை ஊழியர்களும் லோடு இறக்குபவர்களும் ஆபீஸ் ஆட்களும் அன்றாடம் சாப்பிடும் இடங்கள் கிடைக்கும். மத்தியானம் பன்னிரண்டரைக்கு எந்தக் கடை வாசலில் பைக் அதிகம் நிற்கிறதோ அதில் நுழையலாம். அந்த நேரத்தில் காலியாகக் கிடக்கும் பெரிய பலகைக் கடையைவிட அது நல்ல தேர்வு.

கடைகள் நாலு வகை. சைவ ஹோட்டலில் காலை டிபன், மத்தியானம் இலைச் சாப்பாடு, இரவு மறுபடி டிபன். ஊண்கடை என்றால் மத்தியானம்தான் அதன் வாழ்க்கை. மீன்குழம்பும் சம்பாச் சோறும் தீர்ந்தால் ஷட்டர் இறங்கிவிடும். டீக்கடையில் சாயாவும் எண்ணெய்ப் பலகாரமும் குலை குலையாகத் தொங்கும் பழமும் உண்டு. இரவில் தட்டுக்கடைகள்: பரோட்டா, தோசை, ஆம்லேட், கோழி, பீஃப். இவற்றுக்கு வெளியே பேக்கரிகளும் அரபுச் சாப்பாட்டுக் கடைகளும் பெருகியிருக்கின்றன. அரபுக் கடைகளைப் பற்றிப் பிறகு.

இங்கே சாப்பாடு மற்ற தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து மாறுபடுவதற்குக் காரணம் வரலாறு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்தன. முதல் இரண்டும் நெல்வயல் நிறைந்த நாஞ்சில் நாடு. அங்கே இலைச் சாப்பாடு பலம். மேற்கே தக்கலை, மார்த்தாண்டம் நோக்கிப் போகப் போக மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீனும் பீஃபும் கூடிக்கொண்டே வரும். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பார்த்து ஆர்டர் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

காலை: ஆறரை முதல் ஒன்பதரை

இட்லி தோசை எங்கும் உண்டு, நன்றாகவும் இருக்கும். அதற்காக இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. புட்டுக்குப் போங்கள். ஈரப்படுத்திய அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காகக் குழாயில் நிரம்பி ஆவியில் வெந்து வரும். குழாயிலிருந்து தள்ளிய சூட்டில் தொட்டால் உதிரும், மெத்தென்று இருக்கும். அரை மணி நேரம் தட்டில் கிடந்தால் மாவு இறுகித் தொண்டையில் அடைக்கும். கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் புட்டைக் காட்டினால் "குழாயில இருக்கிறது எடுங்கண்ணே" என்று சொல்லிக் காத்திருங்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

கூட என்ன வாங்குவது என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். பயறும் பப்படமும் இந்தப் பக்கத்துப் பழைய ஜோடி. முதலில் புட்டைக் கையால் முழுதாக உதிர்த்துவிடுங்கள். வெந்த சிறுபயறை மேலே போட்டு, பப்படத்தை நொறுக்கி, மூன்றையும் சேர்த்துப் பிசைந்து அள்ள வேண்டும். பப்படத்தைத் தனியாகக் கடித்துக்கொண்டு புட்டைத் தனியாகச் சாப்பிட்டால் இரண்டு வாயிலேயே தண்ணீர் தேடுவீர்கள். காரம் வேண்டுமானால் கடலைக்கறி. குழந்தைகளுக்கு ஒரு பழமும் கொஞ்சம் சீனியும் போட்டுப் பிசைந்து கொடுக்கலாம். ஆப்பத்துக்கு முட்டைக்கறி நல்ல துணை. அதன் விளிம்பு மொறுமொறுப்பு இரண்டு நிமிடத்தில் போய்விடும் என்பதால் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

தேங்காய்ச் சட்னியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காலை ஏழு மணிக்கு அரைத்தது பத்தரை பதினொன்றுக்கு இந்த ஊர்ப் புழுக்கத்தில் புளிக்கத் தொடங்கும். நாக்கின் ஓரத்தில் லேசாகச் சுரீரென்றால் ஒதுக்கிவிட்டுச் சாம்பாரோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம்: இலைக்கு முன்னால்

ஊணுக்கு நல்ல நேரம் பன்னிரண்டேகால் முதல் ஒன்றரை வரை. இரண்டரைக்குப் போனால் சோறு இருக்கும். அவியல் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் தீராமல் இருக்கும். தீராமல் இருப்பதுதான் மோசம். தேங்காயும் தயிரும் சேர்ந்த எந்தக் கறியும் வெக்கையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காது. இரவில் எந்தக் கடையிலாவது அவியல் இருக்கிறதென்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காலி மேசை தேடி நிற்க வேண்டாம். நாலு பேர் மேசையில் ஒரு இடம் இருந்தால் "உட்காரலாமாண்ணே" என்று கேட்டுவிட்டு உட்காருவதுதான் இங்கே முறை. முன்பணம் கட்டி டோக்கன் வாங்கும் கடையா என்று கல்லாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுச் சாப்பாடு என்றால் சோறும் குழம்பும் போதும் போதும் என்கிற வரை. அளவுச் சாப்பாடு என்றால் ஒருமுறைதான். பார்சல் சாப்பாட்டில் சோறு பொதுவாகத் தாராளமாக இருக்கும். சிறு வயிறு இரண்டுக்குப் போதும்.

அடுத்த கேள்வி "சம்பாவா, வெள்ளையா?" சம்பா என்பது தவிடு முழுதும் நீங்காத பருமனான சிவப்புப் புழுங்கலரிசி. பொன்னி அரிசியில் பழகியவர்கள் அதே அளவு வாங்கினால் முடிக்கமுடியாமல் திணறுவார்கள். வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதி வாங்குங்கள். மீன்குழம்புக்கும் புளிச்சேரிக்கும் சம்பாதான் சரி. பருப்பு நெய்யும் ரசமும் முக்கியம் என்பவர்களுக்கு வெள்ளைச் சோறு.

இலையில் பரிமாறும் ஒழுங்கு தெரிந்தால் வயிறும் இடம் கொடுக்கும்:

1. உப்பு, ஊறுகாய், துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), அவியல், பச்சடி, பப்படம் முதலில் வந்துவிடும். உடனே தின்று தீர்க்க வேண்டாம். துவரனில் பாதியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
2. பருப்பு வரும். சைவக் கடையில் நெய்யும் வரும். பப்படத்தில் பாதியை இங்கே நொறுக்குங்கள். இதற்குச் சோறு இரண்டு கைப்பிடி போதும்.
3. சாம்பார். சில நாட்களில் இதற்குப் பதிலாகவோ கூடவோ தீயல் வரும். வறுத்த தேங்காயை அரைத்துச் சின்ன உள்ளியோ (சின்ன வெங்காயம்) பாகற்காயோ போட்ட கறுத்த குழம்பு அது. வற்றல்குழம்பு என்று நினைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றச் சொல்லாதீர்கள். கெட்டியானது, ஒரு கரண்டி ஒரு பிடி சோற்றுக்குக் காணும்.
4. புளிச்சேரி. தயிரும் தேங்காயும் சேர்த்த மஞ்சள் குழம்பு. பலர் இதை மோர் என்று நினைத்துக் கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிடவேண்டியது.
5. ரசம், பிறகு மோர்.

பாயசம் உண்டா, அது சாப்பாட்டில் சேர்ந்ததா தனிக்காசா என்று உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். போளியும் பால்பாயசமும் போடும் கடையில் சாப்பிட வாய்த்தால் ஒரு முறை: போளியை இலையில் பிய்த்துப் போட்டு, பாயசத்தை அதன் மேல் ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டுப் பிசைந்து அள்ளுங்கள். தம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டுப் போளியைத் தனியாகக் கடிப்பது இரண்டையும் வீணடிப்பது.

இலையை உங்கள் பக்கமாக மடித்துவிடுங்கள். சுவரில் 'இலையை எடுக்கவும்' என்று எழுதியிருந்தால் நீங்களேதான் கொண்டுபோய்த் தொட்டியில் போடவேண்டும். எழுதியிருப்பதைப் பார்க்காமல் எழுந்து போய் முறைப்பு வாங்குகிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள்தான்.

சைவக்காரர்கள் கவனிக்க

ஊண்கடையில் 'அவியல்' என்றால் காய்கறி அவியலாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. தேங்காயும் மாங்காயும் போட்ட நெத்திலி அவியல் இந்த மாவட்டத்தில் வீட்டுச் சமையல். "காய்கறி அவியல்தானே?" என்று கேட்டுவிட்டு இலையில் விடச் சொல்லுங்கள். கிழங்கு கேட்டால் மேலே மீன்குழம்பை ஊற்றிக் கொண்டுவருவது பழக்கம். வேண்டாமென்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மீன் பொரித்த சட்டியிலேயே பப்படமும் பொரிபடலாம். இதெல்லாம் ஒத்துவராது என்பவர்கள் ஊண்கடைக்கே போகாமல் சைவ ஹோட்டலுக்குப் போவது நல்லது. பரோட்டாக் கடையில் இலவசமாக ஊற்றும் சால்னா கோழியா, பீஃபா என்று கேட்காமல் தொடாதீர்கள். கேட்பதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஊற்றிய பிறகு கேட்டால்தான் சங்கடம்.

மீன்: விலையைக் கேட்டுவிட்டு

ஊண்கடையில் மீன்குழம்பின் சாறு சாப்பாட்டோடு சேர்ந்தது. துண்டு தனிக்காசு. பொரித்த மீனைத் தட்டில் அடுக்கி மேசை மேசையாகக் கொண்டுவருவார்கள். அந்தத் தட்டைப் பார்த்ததும் கை நீளும். நீட்டுவதற்கு முன் "இது எவ்வளவுண்ணே?" என்று கேளுங்கள். மீன் விலை அன்றைய வரத்தைப் பொறுத்தது, பலகையில் எழுதியிருக்காது. மொத்தச் சாப்பாட்டுக் காசைவிட ஒரு நெய்மீன் துண்டுக்கு அதிகம் கொடுத்துவிட்டு வருந்துகிறவர்களை இங்கே எல்லாக் கல்லாவிலும் பார்க்கலாம்.

காசுக்கேற்ற மீன் சாளையும் நெத்திலியும் அயிலையும். சாளையை மத்தி என்றும், அயிலையைக் கானாங்கெளுத்தி என்றும், நெய்மீனை வஞ்சிரம் என்றும் வேறு ஊர்களில் கேட்டிருப்பீர்கள். சாளையை வாழையிலையில் வைத்துப் பொரித்திருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். நெத்திலி மொறுமொறுப்பாக இருக்கவேண்டும். வளைந்து தொய்ந்தால் காலையில் பொரித்தது.

எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதும் முக்கியம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த மாவட்டம் இரண்டு கரையையும் தொட்டுக் கிடக்கிறது. சின்னமுட்டம் துறைமுகம் முதல் கணக்கில், குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் இரண்டாவது கணக்கில். ஆகவே ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்திருக்கும், ஜூனின் முதல் இரண்டு வாரம் தவிர. அந்த இரண்டு வாரமும் இரண்டு பக்கமும் மூடல். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறியிருக்கும், ஐஸ் பெட்டி மீனும் கலந்திருக்கும். அந்த நாட்களில் பெரிய மீன் கேட்காமல் கிழங்கும் நெத்திலியுமாக நிறுத்திக்கொள்வது புத்தி.

அயிலை, சாளை, சூரை இந்த மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உண்டாகும். எத்தனை காரம் போட்டுப் பொரித்தாலும் அது போகாது. முதல் வாயிலேயே நாக்கு சுள்ளென்று குத்தி, உதடு தினவெடுத்தால் மிளகாய்க் காரம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தின்னாதீர்கள். அப்படியே விட்டுவிடுங்கள். முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மரச்சீனிக் கிழங்கு இல்லாமல் இந்தப் பக்கத்து மீன் சாப்பாடு முழுமையாகாது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்பியவர் என்று சொல்வார்கள். நல்ல கடையில் கிழங்கைத் துண்டுபோட்டு நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள். கிழங்கில் இயல்பாக இருக்கும் சயனைடு நச்சு போகவேண்டும் என்பதற்காக. வெந்த கிழங்கு விரலால் அழுத்தினால் மாவாக உடைய வேண்டும். கண்ணாடிபோல் இறுகியிருந்தாலும் கசந்தாலும் திருப்பிக் கொடுங்கள். கசப்பு என்றால் பேச்சே இல்லை, ஒரு துண்டுகூட வேண்டாம்.

மூன்றரைக்கு டீக்கடை

எண்ணெய்ச் சட்டி ஏறுவது மூன்று மணிக்குமேல். பழப்பொரி, உள்ளி வடை, பருப்பு வடை, சுகியன் எல்லாம் அப்போதுதான் சூடு. ரசத்தில் ஊறிய ரசவடையை எதிரே கண்டால் விடாதீர்கள். பழப்பொரிக்கு ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) நன்றாகப் பழுத்திருக்கவேண்டும். பழத்தின் மேல் கறுப்புப் புள்ளி விழுந்த குலை கடையில் தொங்கினால் அன்றைய பழப்பொரி நன்றாக இருக்கும். பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கினால் உருளைக்கிழங்கு பஜ்ஜி தின்பதுபோலத்தான். சட்டியில் எண்ணெய் கறுத்து நுரைத்துக்கொண்டிருந்தால் சாயாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்திரிகைத் தாளில் மடித்துக் கொடுத்தால் இலையோ வெள்ளைத் தாளோ கேளுங்கள். அச்சு மை எண்ணெயில் கரையும். உணவுப் பாதுகாப்பு ஆணையமே கூடாதென்று சொல்லியிருக்கிறது.

தொங்கும் குலையிலிருந்து பழத்தை நீங்களே பிய்த்துக்கொள்ளலாம். போகும்போது எத்தனை என்று சொன்னால் போதும். மட்டிப்பழம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். விரல்போலச் சின்னது, மெல்லிய தோல், வாசனை அதிகம். 2023ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கு வாங்கிப் போவதென்றால் காயாக வாங்குங்கள், பழுத்தது இரண்டு நாள் தாங்காது.

இரவு: தட்டுக்கடை

ஏழு மணிக்கு முன்னால் போனால் கல் சூடாகியிருக்காது. பதினொன்றுக்குமேல் போனால் சால்னாவில் தண்ணீர் சேர்ந்திருக்கும். எட்டிலிருந்து பத்து வரை நல்ல நேரம். கல்லின் முன்னால் உட்கார இடம் இருந்தால் அங்கேயே உட்காருங்கள், கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வரும். பரோட்டாவை இரண்டு இரண்டாகச் சொல்லுங்கள். ஆறாக வாங்கி வைத்தால் நாலாவது தோலாகிவிடும். மேலே எழும்பிய அடுக்குகளைக் கையால் தட்டி உதிர்த்துத் தருவாரா என்று பாருங்கள். தட்டாமல் அப்படியே போடும் கடையில் பரோட்டா அரைகுறையாகத்தான் இருக்கும்.

பீஃப் சாப்பிடுபவர்களுக்கு மாவட்டத்தின் மேற்குப்பகுதி சொர்க்கம். குழம்பாக வேண்டுமா, தேங்காய்க் கீற்றும் கறிவேப்பிலையும் போட்டு வறட்டியதா என்று கேட்பார்கள். பரோட்டாவுக்குக் குழம்பு, கிழங்குக்கு வறட்டியது. ஒரு பிளேட் இரண்டு பேருக்குத் தாராளம்.

ஷவர்மா, அல்ஃபாம் (தணலில் சுட்ட கோழி), மந்தி (இறைச்சிச் சோறு) விற்கும் அரபுக் கடைகளில் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். சுழலும் இறைச்சியின் வெளிப்பக்கம் வெந்து, சீவச் சீவ உள்ளே இளஞ்சிவப்பாக வந்தால் வாங்காதீர்கள். கூட்டமில்லாத கடையில் நெருப்பைக் குறைத்து வைத்துவிடுகிறார்கள், உள்ளே வேகாமல் வெறுமனே சூடாகிக்கொண்டிருக்கும். அடுத்தது மயோனைஸ். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குக் கேரளம் 2023 ஜனவரியில் தடை போட்டது, தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை போட்டது. சால்மோனெல்லாக் கிருமிதான் காரணம். தடை எதுவரை என்ற கணக்கெல்லாம் வேண்டாம். முட்டை மயோனைஸ் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஷவர்மாவைப் பார்சல் வாங்கி இரண்டு மணி நேரம் பையில் வைத்துத் தின்பது யார் கடையாக இருந்தாலும் ஆபத்து.

தண்ணீர், பில், பார்சல்

மேசையில் வைக்கும் இளஞ்சிவப்புத் தண்ணீர் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்தது, மஞ்சளாக இருந்தால் சீரகம். நிறத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். கொதித்த தண்ணீரைச் சீக்கிரம் ஆற்றுவதற்காகக் குழாய்த் தண்ணீரை அதில் கலக்கும் கடைகள் உண்டு. கலந்த பிறகு கொதிக்கவைத்ததற்கு அர்த்தமில்லை. தம்ளர் கைக்குச் சுடுகிற அளவுக்கு இருந்தால் குடியுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சொந்தப் பாட்டிலை எடுங்கள்.

சிறு கடைகளில் பில் கிடையாது. பரிமாறியவர் கல்லாவைப் பார்த்து ஒரு தொகையைக் கூவுவார், அதுதான் பில். எத்தனை பரோட்டா, எத்தனை ஆம்லேட் என்று நீங்களும் எண்ணிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பக்கத்து ஆளின் கணக்கு உங்கள் தலையில் ஏறுவது சகஜம், சொன்னால் உடனே திருத்திவிடுவார்கள். அச்சடித்த பில் தரும் ஹோட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம், இரண்டரை இரண்டரையாகப் பிரித்துக் காட்டியிருக்கும். காம்போசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தானே வரியாகக் கட்டும் முறை) இருக்கும் சின்ன ஹோட்டல் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக்கூடாது. பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேட்கலாம். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பில்லில் இருக்கவேண்டும்.

பார்சலுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இருந்தும் கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் கட்டிக் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. தூக்குச்சட்டி நீட்டினால் ஒரு கரண்டி கூடுதலாக விழும் என்பது தனிக் கணக்கு.

எந்த நாளில் எது மூடியிருக்கும்

ஞாயிறு காலை பல கடைகள் சர்ச்சில் பூசை முடிந்த பிறகே திறக்கும். கிறிஸ்தவர்கள் நிறைந்த மாவட்டம் இது. அன்று மத்தியானம் பிரியாணிக்கும் இறைச்சிக்கும் கூட்டம் நெரியும், ஊண்கடைகளில் பாதி லீவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் ஹோட்டல்கள் ஜும்மாவுக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடிவிடும், இரண்டு மணிக்குப் போங்கள். ரமலான் மாதத்தில் அந்தக் கடைகளில் பல, பகலில் திறக்காது. மாலையில் நோன்புக்கஞ்சியோடு களைகட்டும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் கன்னியாகுமரி, சுசீந்திரம், நாகர்கோவில் சைவ ஹோட்டல்களை நிரப்பிவிடுவார்கள். தை முதல் வாரம் வரை காலை ஏழு மணிக்குள் டிபனை முடித்துக்கொள்ளுங்கள். கூட்டக் காலத்தில் கன்னியாகுமரிக் கடற்கரையை ஒட்டிச் சாப்பிடுவது காசுக்கும் கேடு, வயிற்றுக்கும் கேடு. இருபது கிலோமீட்டர்தான், நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்து சாப்பிடலாம்.

வயிறு சரியில்லாத நாளில் கஞ்சிக்கடை தேடுங்கள். சூடான சம்பாக் கஞ்சி, பயறு, தேங்காய்த் துவையல், சுட்ட பப்படம். பலா இலையைக் கோட்டிக் கரண்டியாகத் தரும் கடைகள் இன்னும் சில இருக்கின்றன.

களியக்காவிளைக்கு அப்பால்

மார்த்தாண்டம் தாண்டிக் களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. அடுத்து பாறசாலை. அங்கே பலகை மலையாளத்தில் இருக்கும், ஆனால் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். கூப்பிடுவதற்கு 'சேட்டா' போதும். ஊண் முறை ஏறக்குறைய இதேதான். மாறுவது மூன்று: காரம் குறையும், தேங்காய் எண்ணெய் வாசனை கூடும், இட்லி தோசையின் மேல் உள்ள அக்கறை கொஞ்சம் குறையும். அங்கே போய் இட்லி சாம்பார் கேட்டுவிட்டுக் குறைசொல்லாதீர்கள். ஆப்பம், புட்டு, பொரோட்டா, மீன் என்று நில்லுங்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டல்கள் 2020ல் 20 ரூபாய் ஊணோடு தொடங்கியவை. பிறகு அரசு மானியம் நின்று விலை கூடியது. இருந்தாலும் பக்கத்துக் கடைகளைவிடக் குறைவு. பன்னிரண்டரைக்கு முன் போகாவிட்டால் தீர்ந்துவிடும்.

திருவனந்தபுரம் வரை போகிறவர்கள் தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காஃபி ஹவுஸைப் பார்க்காமல் வரமாட்டார்கள். செங்கல்லில் சுருண்டு மேலேறும் கட்டடம். மாடி என்று தனியே இல்லை, சரிவான பாதையே மேலே போகும், வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மேசைகள். மசாலாதோசையைப் பிரித்தால் உள்ளே கிழங்கு சிவப்பாக இருக்கும். பீட்ரூட் சேர்ப்பது அவர்கள் வழக்கம், கெட்டுப்போனதில்லை. கட்லெட்டும் அதே நிறம்தான். கூட்ட நேரத்தில் கீழேயே இடம் தேடி நிற்காமல் சரிவில் நடந்துகொண்டே போங்கள், மேலே போகப் போக மேசை காலியாக இருக்கும். நாகர்கோவில் திரும்ப ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். மாலை நெரிசலில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை தாண்டவே நேரமாகிவிடும் என்பதால், இரவுச் சாப்பாட்டை ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதீர்கள்.